வாசிக்கத் தெரியாதவர்கள் பட்டியலை எழுதுவதற்கு முன்: பாலக்காட்டு எல்லைப்புறத் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை ஊராட்சிகளிலும் அவற்றைச் சுற்றிலும் உள்ள தமிழ்வழி எல்.பி. பள்ளிகளில் (ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகள் உள்ள தொடக்கப்பள்ளிகளில்) கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், கிளஸ்டர் கூட்டங்களில், அதாவது அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டங்களில், அவர்களுக்குப் பயிற்சி தரும் பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து, ஆறாவது வேலைநாளில் நடக்கும் மாணவர் எண்ணிக்கைக் கணக்கெடுப்பு முடிந்து, வகுப்புகள் ஓரளவு நிலைபெற்றபின், இரண்டாம் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பட்டியலைத் தயாரிப்பது வழக்கம். வாசிக்கத் தெரியாத குழந்தைகளின் பெயர்கள் அதில் இருக்கும். பிறகு அந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் மாலையில் தனிவகுப்பு, எழுத்துப் பயிற்சி நோட்டு, பெற்றோரை அழைத்துப் பேசுதல் என்று ஒரே வகையான ஏற்பாடு நடக்கும். இந்த மடல் அந்தப் பட்டியலைப் பற்றியது. அதில் அடுத்தடுத்து எழுதப்படும் இரண்டு குழந்தைகள் முற்றிலும் வேறுபட்ட இடங்களில் தடைபட்டு நிற்கக்கூடும் என்பதையும், எங்கே நிற்கிறார்கள் என்று அறியாமல் தரப்படும் பயிற்சி ஒரு முழுக் கல்வியாண்டை வீணாக்கிவிடும் என்பதையும், ஒரு குழந்தையின் பெயரை அதில் எழுதுவதற்கு முன் அதைத் தனியே அருகில் அமர்த்தி ஐந்து நிமிடம் வாசிக்கக் கேட்பது நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாறாத வழக்கமாக வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நானும் இந்த வட்டாரத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பித்து ஓய்வுபெற்றவள். நம் பள்ளிகளின் நிலைமை தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நிலைமையும் இல்லை, பட்டாம்பியிலோ ஒற்றப்பாலத்திலோ உள்ள மலையாளவழிப் பள்ளிகளின் நிலைமையும் இல்லை. சித்தூர் கொச்சி அரசின்கீழ் இருந்தது. பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளம் என்ற ஒரே மாநிலத்துக்குள் வந்தன. வீட்டிலும் காட்டிலும் கொங்குத் தமிழ் பேசிக்கொண்டிருந்த மக்கள் அப்படியேதான் இருந்தார்கள். அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பதற்கு வேண்டிய வசதிகளைச் செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 29ஆவது பிரிவில், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. நம் பள்ளிகள் இந்த உரிமையின் மேல் நிற்பவை. ஆனால் பயிற்றுமொழி தமிழ் என்பதனாலேயே ஒவ்வொரு குழந்தையும் தமிழில் வாசிக்கக் கற்றுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அந்தப் பொறுப்பு வகுப்பறையில் இருக்கும் ஆசிரியரின் கையில்தான் வந்து சேர்கிறது.

வாசிப்பு என்பது என்ன என்ற கேள்விக்கு, கற்பிப்பவருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விடையை 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் தந்தார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டுப் பொருள் கொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்றார்கள். இரண்டையும் கூட்டினால் என்று அவர்கள் சொல்லவில்லை, பெருக்கினால் என்றார்கள். ஆகவே இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் மற்றொன்று எவ்வளவு இருந்தாலும் விடை சுழியே. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பாட்டியோடு போய்வந்த கதையை அரைமணி நேரம் சொல்லத் தெரிந்த குழந்தை, எழுத்துக் கூட்டத் தெரியாததால் ஒரு வரியைக்கூட வாசிக்காமல் நிற்கலாம். பக்கம் முழுவதையும் பிழையின்றிக் கூட்டிப் படிக்கும் குழந்தை, அதில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கலாம். பட்டியலில் இருவரும் ஒன்றாக இருப்பார்கள். இன்னும் கவலைக்குரியது, இரண்டாவது குழந்தை பட்டியலில் இடம்பெறாமலேயே போய்விடுவதுண்டு.

முதல் குழந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்து கற்பது எளிது என்று நாமே நம்பிவிட்டோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று கணக்கு வைத்திருக்கிறோம். இத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மெய்யின் வடிவங்களும் உயிரின் குறிகளும் தெரிந்தால் போதும் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்காது. கால், கொம்பு, சுழி என்று நாம் பெயர் சொல்லும் குறிகள் ஒரே ஒழுங்கில் இல்லை. 'கா' என்பதில் குறி பின்னால் வருகிறது. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கண் முதலில் காண்பது குறியை, வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. 'கொ', 'கோ' இரண்டிலும் குறி இரு துண்டாகி மெய்யை நடுவில் நிறுத்துகிறது. உகரத்துக்கு வந்தால் 'கு', 'து', 'பு', 'மு' நான்கும் நான்கு விதம். ஊகாரத்தில் மறுபடியும் மாறுகின்றன. 1978இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் 'ணா', 'றா', 'னா', 'ணை', 'லை' போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கி ஒழுங்குபடுத்தியது. உகர ஊகாரங்களைத் தொடவில்லை. மலையாளத்தில் 1971இன் சீர்திருத்தம் உகரக் குறியையும் மெய்யிலிருந்து பிரித்துத் தனியே எழுதச் செய்தது. ஆகவே மலையாளவழி வகுப்புக்கென்று வகுத்த கால அட்டவணையை, எந்த இடத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்ற கணக்கு உட்பட, தமிழ் வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உகர வரிசைக்கு நமக்குக் கூடுதல் நாட்கள் வேண்டும்.

கன்னடம் கற்கும் குழந்தைகளிடையே சோனாலி நாக் செய்த ஆய்வுகள், நம் நாட்டு உயிர்மெய் எழுத்து முறைகளில் எழுத்துகள் முழுமையாகக் கைவருவது ஓராண்டில் முடிகிற வேலை இல்லை, தொடக்கப்பள்ளிக் காலத்தின் பெரும்பகுதிக்கும் நீள்வது என்று காட்டின. கன்னடத்தைவிடத் தமிழில் எழுத்துகள் குறைவு. கூட்டெழுத்துகளின் சுமை நமக்கு இல்லை. ஆனாலும் இரண்டாம் வகுப்பில் 'கூ'வுக்கும் 'சூ'வுக்கும் தடுமாறும் குழந்தையை மந்தம் என்று முடிவு செய்யும்முன் இந்த உண்மை நினைவில் இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு எந்தக் குறியில் தடை என்று கண்டுகொண்டால், அந்தக் குறி வரும் சொற்களை மட்டும் சில நாட்கள் சேர்த்து வாசிக்கச் செய்தால் போதும். அ முதல் ஔ வரை மீண்டும் முதலிலிருந்து எழுதச் சொல்வதால், அதற்குத் தெரிந்ததையே நூறுமுறை எழுதி, தெரியாததற்கு வருவதற்குள் கை சோர்ந்துபோகும்.

தமிழ் எழுத்துக்கே உரிய இன்னொரு தன்மை நம் எல்லைப் பகுதியில் மிகவும் முக்கியமாகிறது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைத் தமிழ் பேசும் குழந்தை விதியாக அறியாது; சொல்லை அறியும், அதனால் ஒலியை அறியும். ப, க, ல் என்று தட்டுத்தடுமாறிக் கூட்டிக்கொண்டே வந்து, 'பகலா!' என்று முகம் மலரும் கணத்தில் அந்த எழுத்தின் சரியான ஒலியும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. அதாவது தமிழில் எழுத்துக் கூட்டுவதற்கே பேச்சுமொழியின் சொல்வளம் உதவிக்கு வர வேண்டியிருக்கிறது. நம் வகுப்புகளில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த உதவி சமமாகக் கிடைப்பதில்லை. தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இந்தக் கிராமங்களில் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் தெருவில் தமிழ் பேசுவார்கள், விளையாட்டில் யாருக்கும் குறைந்தவர்களாகத் தெரியமாட்டார்கள். ஆனால் பாடநூலில் வரும் சொற்களில் பலவற்றை அவர்கள் காதால் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தை எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் வந்துசேரும் இடத்தில் அதற்குத் தெரிந்த சொல் எதுவும் இருப்பதில்லை. அதைத் தாய்மொழி தமிழ் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சோம்பேறி என்று நடத்துவது பெரும் அநீதி. சேர்க்கையின்போதே வீட்டில் யார் யாரோடு என்ன மொழி பேசுகிறார்கள் என்று தாயிடமோ பாட்டியிடமோ பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழே வீட்டுமொழியாக உள்ள குழந்தைக்கும் ஒரு தொலைவு இருக்கிறது. அது பேசுவது கொங்குப் பேச்சு. புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். மூன்று வயதிலிருந்தே எழுத்துத் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, அதாவது யாராவது கதைப்புத்தகத்தை வாசித்துக் காட்டிய வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு, இந்தத் தொலைவு பெரிதாகத் தோன்றுவதில்லை. தென்னந்தோப்புக் காவலுக்குப் போகிறவர்களின் வீடுகளிலும், மாம்பழக் காலத்தில் விடியுமுன் முதலமடைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடும் பெற்றோரின் வீடுகளிலும் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? ஆகவே எழுத்துத் தமிழை அந்தக் குழந்தையின் காதில் முதலில் விழச்செய்யும் வேலையும் பள்ளியுடையதே. நாள்தோறும் பத்து நிமிடம், மதிப்பெண்ணோ கேள்வியோ இல்லாமல், ஆசிரியர் ஒரு கதையைப் புத்தகத்தைப் பார்த்து நல்ல குரலில் வாசித்துக் காட்டுவது, ஓராண்டில் செய்யும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். கதை சொல்வதும் நல்லதுதான், ஆனால் சொல்லும்போது நாம் பேச்சுமொழிக்குத் திரும்பிவிடுகிறோம். வாசித்துக் காட்டும்போதுதான் 'சென்றான்', 'கண்டாள்', 'ஆகையால்' போன்றவை காதுக்குப் பழகுகின்றன. வகுப்பில் இதற்கு நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து எழுத்துப் பிரதி செய்யும் நேரத்திலிருந்து இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'சிறுவன் விரைவாகச் சென்றான்' என்று நூலில் இருக்கிறது. ஒரு குழந்தை 'சிறுவன் சீக்கிரமாப் போனான்' என்று வாசிக்கிறது. மற்றொரு குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் சரியாகக் கூட்டி 'செ-ன்-றா-ன்' என்று முடிக்கிறது. நம்முடைய வழக்கத்தில் முதல் குழந்தைக்குத் தவறு என்கிறோம், இரண்டாவது குழந்தைக்குச் சரி என்கிறோம். உண்மையில் முதல் குழந்தை எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, அதைத் தன் மொழியில் தந்திருக்கிறது. பொருள் விளங்காமல் 'சென்றான்' என்பதைப் 'போனான்' என்று மாற்றவே முடியாது. அதற்கு வேண்டியது எழுத்தை இன்னும் உற்றுப் பார்க்கும் பழக்கம் மட்டுமே, அது சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது குழந்தையிடம்தான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும்: யார் போனது? எப்படிப் போனான்? பதில் வராவிட்டால் அதன் பெயரையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருள் விளங்காமைக்கு வேகக் குறைவும் காரணமாகலாம். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. யார், எங்கே, எதை, யாருக்கு என்பதையெல்லாம் மனத்தில் தாங்கிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லில்தான் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்கிறோம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வரும் குழந்தை வினையை வந்தடையும்போது எழுவாய் நினைவிலிருந்து நழுவியிருக்கும். அத்தகைய குழந்தைக்குப் புதிய பாடம் வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்த சிறு பத்தியைத் தோழனோடு சேர்ந்து மறுபடி மறுபடி வாசிக்கும் வாய்ப்புத்தான் வேண்டும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்ய மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களும் மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்களும் பொருளுணர்ந்து வாசிப்பதை இலக்காக வைத்தது. இந்த எண்ணைத் தமிழ் வகுப்பில் அப்படியே வைத்துக் குழந்தையை அளக்காதீர்கள். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதை மூன்று சிறு சொற்களாக எழுதுவார்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரே சொல். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுகோல்தான் வைக்கப்பட்டது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வயதுக் குழந்தையின் எதிரே அமர்வதே எனக்கு உடன்பாடில்லை. கட்டாயம் அளந்துதான் ஆக வேண்டுமென்றால் தமிழுக்குரிய அளவையேனும் பயன்படுத்துங்கள்.

எழுத்தும் தெரிந்து பொருளும் விளங்கி, ஆனாலும் வாய் திறக்காத குழந்தைகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அதே 29ஆவது பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது சோதிக்கும் முறையாக இருக்கக் கூடாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை. தனியே, மரத்தடியிலோ வராந்தாவிலோ, தோளுக்கு அருகே அமர்த்திக் கேட்டால் இவர்களில் பலர் வாசித்துவிடுவார்கள்.

காதையும் கண்ணையும் மறந்துவிடக் கூடாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிச் சில வாரங்கள் கேட்கும் திறன் மங்கியிருப்பதுண்டு; வலி இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஒரு மாதம் நன்றாகவும் மறுமாதம் மந்தமாகவும் இருப்பதால் ஆசிரியருக்கும் குழந்தை கவனக்குறைவாக இருப்பதாகவே தோன்றும். 'ல', 'ள', 'ழ' மட்டும் குழம்புகிறவர்களை நான் இங்கே சொல்லவில்லை, அது வட்டாரப் பேச்சின் விளைவு. 'பல்', 'கல்', 'சொல்' போன்றவற்றையே மாற்றிக் கேட்டுக்கொள்ளும் குழந்தையையும், கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கும் குழந்தையையும் குறித்து வைத்து, 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைக் குழு பள்ளிக்கு வரும்போது தவறாமல் காட்டுங்கள். வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள்.

தனியே கேட்பது எப்படி என்பதற்கு நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி க்ளே ஓர் எளிய முறையை உருவாக்கிச் சென்றார். குழந்தை வாசிக்க வாசிக்க, சரியாகச் சொன்ன சொல்லுக்கு ஒரு சரிக்குறியும், மாற்றிச் சொன்ன சொல்லுக்கு அது சொன்னபடியே எழுதிய குறிப்பும் ஆசிரியரின் தாளில் விழும். தானே திருத்திக்கொண்டால் அதற்கும் ஒரு குறி. குறுக்கே பேசக் கூடாது, திருத்தக் கூடாது. நம் வகுப்புக்கு நான் சேர்க்க விரும்புபவை இரண்டு. வகுப்பில் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்ட பாடத்தைக் கொடுக்கக் கூடாது. பல குழந்தைகள் புத்தகத்தை மூடிவைத்தாலும் அந்தப் பக்கத்தை ஒப்பித்துவிடுவார்கள். அதே அளவிலான, பார்த்திராத ஒரு சிறு பத்தியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வாசித்து முடித்தபின் அதை வீட்டில் பேசுவதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். 'அப்புச்சிகிட்டச் சொல்ற மாதிரிச் சொல்லு, கண்ணு' என்றால் போதும், 'ஒரு நாளு பாருங்க டீச்சர்' என்று தொடங்கிவிடும். அது சொல்வதில் பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் 'அப்படிப் பேசக் கூடாது, நல்ல தமிழில் சொல்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த மாதம் அந்தக் குழந்தையிடமிருந்து உங்களுக்கு எந்தச் செய்தியும் கிடைக்காது. தெலுங்கு வீட்டுக் குழந்தை தெலுங்கில் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் மேல் வகுப்பில் படிக்கும் அதன் அக்காளை அருகில் வைத்துக்கொள்ளலாம்.

நம் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் குறைவு, ஒரே அறையில் இரண்டு வகுப்புகளும் சேர்ந்திருக்கின்றன. இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் தனியே கேட்பதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை வேறில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் அந்த நேரத்தில் நீங்கள் ஒரு குழந்தையோடு அமரலாம். ஒரு குழந்தை தனியே செய்ய முடியாததை, தன்னைவிடச் சற்று அதிகம் தெரிந்தவரின் துணையோடு செய்துவிடும், இன்று துணையோடு செய்ததை நாளை தனியே செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி வலியுறுத்தினார். அந்தத் துணை எப்போதும் ஆசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் கேட்டுவிட முடிந்தால், பட்டியலுக்கு அவசியமே குறைந்துவிடும். யாருக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மலையாளத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பேருந்துப் பலகையிலும் மலையாளம் இருக்கும்போது, தமிழில் வாசிக்கக் கற்று என்ன பயன், முதல் வகுப்பிலேயே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ போட்டால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதை மொழிப்பற்று இல்லாமை என்று தள்ளிவிடக் கூடாது. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் நீண்ட ஆய்வுகளின் வழியாகக் கண்டது இது: இரண்டாவது மொழியில் விளையாட்டுப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்; அதே மொழியில் பாடம் படித்துச் சிந்திக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நன்றாக மலையாளம் பேசுகிறதே என்று நம்பி வகுப்பை மாற்றிய குழந்தை சமூக அறிவியலில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. ஒரு மொழியில் ஆழமாகப் பெற்ற வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்றும் அவர் காட்டினார். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு, வாக்கியத்திலிருந்து பொருளை எடுப்பது, தெரியாத சொல்லைச் சூழலால் ஊகிப்பது ஆகியவற்றை ஒருமுறை கற்றால் போதும். அதை அறிந்த மொழியில் கற்பதே எளிது. நான்காம் வகுப்பு முடிவில் தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் எந்தப் பயிற்றுமொழிக்குப் போனாலும் எழுந்து நின்றுவிடும் என்று வகுப்புப் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் உறுதியாகச் சொல்லுங்கள். ஆனால் அப்படிச் சொல்லும் உரிமை, அந்தப் பிள்ளையை உண்மையிலேயே சரளமாக வாசிக்கச் செய்த பள்ளிக்குத்தான் உண்டு.

பி.ஆர்.சி. பயிற்றுநர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மே மாத விடுமுறைக்காலப் பயிற்சியிலும் கிளஸ்டர் கூட்டங்களிலும் தமிழ்வழி ஆசிரியர்களுக்கென்று ஓர் அமர்வைத் தமிழ் வாசிப்புக்காக மட்டும் ஒதுக்குங்கள். அந்த அமர்வில் கொள்கை விளக்கம் வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் ஒரு குழந்தை வாசித்ததைக் கைப்பேசியில் குரல்பதிவு செய்து கொண்டுவரட்டும், குழந்தையின் பெயரோ அடையாளமோ இல்லாமல். எல்லோரும் சேர்ந்து கேட்டு, தடை எங்கே இருக்கிறது என்று விவாதிக்கட்டும். ஒரே பதிவைக் கேட்டு நான்கு ஆசிரியர்கள் நான்கு காரணம் சொல்லும்போதுதான், நாம் இதுவரை எவ்வளவு அவசரமாக முடிவெடுத்து வந்தோம் என்பது வெளிப்படும். வயநாட்டில் பழங்குடிக் குழந்தைகளின் மொழி தெரிந்தவர்களையே வழிகாட்டி ஆசிரியர்களாகப் பள்ளிகளில் அமர்த்தக் கோத்ரபந்து திட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் இது. குழந்தையின் மொழியை அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும் என்ற அந்தப் புரிதலை நம் வகுப்புகளில் உள்ள தெலுங்கு, கன்னட வீட்டுக் குழந்தைகள் வரைக்கும் நீட்டிக்கும் வழியை நீங்கள் மேலிடத்துக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளிக்கு அழைத்துப் பேசுங்கள். மூன்று வயது முதல் அந்தக் குழந்தையின் பேச்சைக் கேட்டுவருபவர்கள் அவர்களே. எந்தக் குழந்தை தாமதமாகப் பேசத் தொடங்கியது, எது பாட்டுக்குத் தலையாட்டும், எது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்தச் செய்தி ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு வந்துசேர இப்போது எந்த வழியும் ஏற்படுத்தப்படவில்லை என்பதால், நீங்களே கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நீங்கள் கேட்டு எழுதிய குறிப்புகளை ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் என்று சாதாரண நோட்டில் வைத்திருந்தாலே போதும். புதிய படிவம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டுமொழி, தடைபடும் குறிகள், பொருள் சொல்லும் விதம், காது கண் பற்றிய கவனிப்பு, எந்தக் கதை பிடிக்கும் என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். வகுப்பு மாறும்போது அடுத்த ஆசிரியரிடம் அந்த நோட்டைக் கையில் கொடுங்கள். நான்காம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் குழந்தையின் டி.சி.யோடு அந்தப் பக்கத்தின் நகலையும் பெற்றோரிடம் கொடுத்து, ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் மலையாளம் மட்டுமே வாசிப்பவராக இருந்தால், நாலு வரியில் மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற எல்.பி. பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்